கேசட்டில் வந்த தேன் மெஷின்

தேன் மெஷினைக் கடையில் வாங்கலாமா, வீட்டிலேயே செய்யலாமா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: வாங்குங்கள். வாங்கின மெஷின் ஆடாமல் சுற்றும், தேனடைச் சட்டம் சரியாக உட்காரும், காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கையைக் கழுவிவிடலாம். செய்கிற மெஷினுக்கு ஒன்றரை வருஷம் ஆகும், அப்போதும் முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை வருஷத்தை வீண் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு நிற்பேன்.

எங்கள் தென்னந்தோப்பு பேராவூரணிக்குத் தெற்கே இருக்கிறது. புது ஆற்றில் தண்ணீர் திறந்தால் கடைசியாக நனைகிற ஊர். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவர் சவுதிக்குப் போனார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் ஆம்பளை கிடையாது. அவருக்கு ஃபேப்ரிகேஷன் வேலை. குழாய், தகடு, ஆங்கிள் என்று இரும்பில் எதைக் கேட்டாலும் வெட்டி ஒட்டி நிற்கவைத்துவிடுவார். வீட்டில் நானும் அவருடைய அம்மாவும்தான். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமனார் தவறிப் பல வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறானே என்பதை மறந்துவிட்டு, விசேஷம் உண்டா என்று மட்டும் தெருவில் எல்லாரும் தவறாமல் கேட்டார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் திரும்பி வந்துவிட வேண்டும். லீவில் வருவது அல்ல, ஒரேயடியாக.

அந்தச் சமயத்தில் யூனியன் ஆபீஸில் பெண்களுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கு இரண்டு பெட்டியும் கொடுத்தார்கள். பொழுது போகாமல்தான் போனேன். தோப்பில் எந்த மாசமும் ஏதாவது ஒரு மரத்தில் பாளை வெடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வயல்களில் அறுப்பு முடிந்ததும் எள் பூக்கும். பங்குனியில் வாய்க்கால் கரைப் புங்கை பூக்கும். ஈக்கள் நன்றாகவே பிடித்துக்கொண்டன. முதல் வாரமே கண்ணுக்குக் கீழே ஒன்று கொட்டி முகம் இட்லியாக வீங்கியது. மாமி சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே என்னைத்தான் திட்டினார். "குர்ஆன்லயே பேரு வந்த ஜீவன் அது. சும்மா கொட்டுமா? நீதான் என்னமோ பண்ணியிருப்ப."

இதையெல்லாம் அவருக்குக் கேசட்டில் சொன்னேன். ஊரில் ஐஎஸ்டி பூத் வந்துவிட்டதுதான். ஆனால் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே பத்துப் பேர் நின்று நம் வாயைப் பார்ப்பார்கள், நாம் ஓடுகிற மீட்டரைப் பார்ப்போம். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம் என்பதற்கு மேல் ஒன்றும் வராது. கடிதம் எழுதினால் மாமிக்குப் படிக்க வராது. அதனால் கேசட். அங்கிருந்து லீவில் வருகிறவர்கள் கையில் வரும், லீவு முடிந்து போகிறவர்கள் கையில் போகும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே கேசட்தான் ஓடியது. அவர் பேசி அனுப்புவார். நாங்கள் கேட்டுவிட்டு அதன் மேலேயே எங்கள் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். ஒரு கேள்வி போய்ப் பதில் வர மூன்று மாசம் ஆகும்.

கேசட் வந்த சேதி தெரிந்தால் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வீடு நிறைந்துவிடும். அவருடைய சின்னம்மா, பக்கத்து வீட்டு அக்கா, அவர் இருக்கிற ஊரிலேயே தங்கள் பிள்ளைகளும் இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து பாயில் உட்கார்வார்கள். அவர் சலாம் சொன்னால் கூட்டமே சேர்ந்து பதில் சலாம் சொல்லும். பிறகு ஒவ்வொருவரையும் முறை சொல்லி விசாரிப்பார். "சின்னம்மா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டதும் சின்னம்மா டேப் ரிக்கார்டரைப் பார்த்துத் தலையை ஆட்டி, "அப்படியேதான் தம்பி இருக்கு" என்பார். ஏ பக்கம் முழுவதும் இப்படித்தான் ஓடும். என் பங்குக்கு வருவது, "அவளும் நல்லா இருப்பான்னு நினைக்கிறேன்" என்பது. இத்தனை பேர் முன்னால் அவர் வேறு என்னத்தைச் சொல்வார்? நானும் என் முறை வரும்போது மைக்குக்கு முன்னால் நின்று, "நானும் நல்லா இருக்கேன், உடம்பைப் பாத்துக்குங்க மச்சான்" என்று தந்தி அடிப்பேன்.

தேனீ சேதி போய் மூன்று மாசம் கழித்து வந்த கேசட்டில் அவர் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "பத்துப் பெட்டியில தேன் நின்னுச்சுன்னு வைங்க, நான் வந்துடறேன். தோப்பும் தேனும் போதும் நமக்கு. இரும்பு அடிச்சது போதும்." கூட்டத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அன்றைக்கே எழுந்து போய்ப் பெட்டிகளை எண்ணினேன், என்னவோ காலையில் இரண்டாக இருந்தது சாயங்காலம் நாலாகியிருக்கும் என்பது போல.

அதற்கு மேல் நான் வெறி பிடித்தவளாக வேலை செய்தேன். ராணி பார்த்துக் கூட்டத்தைப் பிரித்தேன். தச்சரிடம் புதுப்பெட்டி சொன்னேன். எறும்பு ஏறாமல் பெட்டிக்கால்களுக்குக் கீழே கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தேன். அடுத்த மாசிக்குள் பத்துப் பெட்டி நின்றுவிட்டது. இனி தேனை எடுக்க வேண்டும். அங்கேதான் மெஷின் வருகிறது.

அதுவரை அடையை வெட்டித் துணியில் போட்டுக் கையால் பிழிந்துகொண்டிருந்தேன். அப்படிப் பிழிந்தால் அடை போய்விடும்; ஈ மறுபடி மெழுகு சுரந்து முதலிலிருந்து வீடு கட்ட வேண்டும். மெஷின் என்பது ஒரு டிரம், அதற்குள் சுற்றுகிற ஒரு கூண்டு. அடை கட்டின சட்டத்தை எடுத்து, மேலே இருக்கிற மெழுகு மூடியை மட்டும் கத்தியால் சீவிவிட்டுக் கூண்டில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், சுற்றுகிற வேகத்தில் தேன் மட்டும் வெளியே தெறித்து டிரம்மில் வழியும். அடை முழுசாக இருக்கும். அதைத் திருப்பிப் பெட்டியில் வைத்தால் ஈ அன்றைக்கே நிரப்ப ஆரம்பித்துவிடும். தஞ்சாவூரில் பொருட்காட்சி ஒன்றில் பளபளவென்று அதை வைத்திருந்தார்கள். நான் நின்று நாலு தடவை சுற்றிப் பார்த்தேன். அந்த மெஷின் வந்தால் தேன், தேன் வந்தால் அவர். எனக்குக் கணக்கு அவ்வளவுதான்.

வாங்கப் போகிறேன் என்று கேசட்டில் சொன்னேன். மூன்று மாசம் கழித்துப் பதில் வந்தது. ஏ பக்கத்தில் வழக்கம் போல எல்லார் முட்டியும் முதுகும். கேசட்டைத் திருப்பிப் போட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இந்தப் பக்கம் மெஷின் விஷயம். நீ வாங்காத. கடைக்காரன் மெல்லிசு தகடுல செஞ்சு ஏமாத்திருவான். நான் சொல்றேன், நீ செய்யி. மொதல்ல டிரம்."

அவ்வளவுதான். சின்னம்மா கொட்டாவி விட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திடீரென்று அடுப்பில் பால் ஞாபகம் வந்தது. ஐந்து நிமிஷத்தில் பாய் காலியாகிவிட்டது. கடைசியாக மாமியும் தரையில் கையூன்றி எழுந்தார். "இந்த இரும்புப் பேச்செல்லாம் யாருக்கு வேணும்? நீயே கேட்டு எழுதிக்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். நான் நோட்டும் பேனாவுமாக டேப் ரிக்கார்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன், கோபம் மூக்கு நுனியில்.

அரை மணி நேரம் பேசினார். அங்கே எட்டுப் பேர் ஒரே ரூமில். வெள்ளிக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் தூங்கும்போது பதிவார் போல. பின்னால் யாரோ குறட்டை விடுவது கேட்கும். டிரம் இரும்பாக இருக்கக் கூடாது, தேன் கறுத்துவிடும், தண்ணீர் பிடித்து வைக்க இப்போது நீல நிறத்தில் பிளாஸ்டிக் டிரம் வருகிறதே, அதில் மருந்து கிருந்து வைக்காததாக வாங்கு என்றார். நடுத்தண்டு, மேலே பேரிங், கைப்பிடிக்குச் சைக்கிள் பெடலும் செயினும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்வார். நான் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, விஷயத்துக்கு வாங்க மச்சான் என்று டேப் பெட்டியை முறைப்பேன்.

லேத் பட்டறைக்காரர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து அந்த வெள்ளைச் சட்டையோடு என் கூண்டுக்குத் தண்டு கடைந்து கொடுத்தார். ஆனால் ஒரு கேசட்டில் என் வீட்டுக்காரர், "கூண்டோட அகலம் இவ்வளவு இருக்கணும். உயரம் இத்தனை. பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். எவ்வளவு? எத்தனை? நான் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். கடைசியில் டேப் ரிக்கார்டரையே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் மெஷினையெல்லாம் நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, அவரு கையை விரிச்சுக் காட்டுறாரு. அங்கேருந்து கை காட்டுனா கேசட்டுல தெரியுமா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் அப்படித்தான். கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம் பேச வராது. "சரிம்மா, அவரு கை விரிச்சா எவ்வளவு இருக்கும்? சுமாரா காட்டு, நான் அளந்துக்கறேன்" என்றார் பட்டறைக்காரர். நான் இரண்டு கையையும் நீட்டினேன். கொஞ்சம் விரித்தேன். கொஞ்சம் குறைத்தேன். பிறகு அப்படியே நின்றேன். அவர் கை எனக்கு ஞாபகம் வரவில்லை. குரல் அந்தப் பெட்டிக்குள் கணீரென்று இருக்கிறது; கை எவ்வளவு பெரிது, விரல் எவ்வளவு நீளம், ஒன்றும் வரவில்லை. போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "விடும்மா, நாம சட்டத்தை வெச்சு அளந்துக்குவோம்" என்றார்.

நான் வீம்புக்காக ஒரு அளவைக் காட்டி அதிலேயே செய்யச் சொன்னேன். கூண்டு இரண்டு விரற்கடை சின்னதாகப் போனது. சட்டம் உள்ளே நுழையவில்லை. மறுபடி முதலிலிருந்து.

இப்படியே போனது. கைப்பிடி வலது பக்கமா, இடது பக்கமா என்று ஒரு கேள்வி அனுப்பினேன். அதற்கு மூன்று மாசம் கழித்து, "எந்தப் பக்கம் வேணும்னாலும் வெச்சுக்க, உனக்கு எது தோதோ" என்று பதில் வந்தது. அன்று நான் நோட்டைத் தூக்கி எறிந்தேன். ஒரு மாசி போய், இன்னொரு மாசி வந்தது. எள் பூத்துக் காய்ந்தது. பத்துப் பெட்டியிலும் தேன் தளும்பிக்கொண்டிருந்தது, நான் மூன்றைப் பிழிந்து மெழுகைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். தோப்புக் கொட்டகையில் நீல டிரம் ஒன்று, வயிற்றைக் காட்டிக்கொண்டு பாதி மெஷினாக நின்றது. ஒவ்வொரு கேசட்டிலும் அவர் புதிதாக ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்தார். செயினுக்கு மேலே மூடி போடணும். தேன் வழியற குழாய்க்கு வாஷர் மாத்தணும். காலுக்கு அடியில ரப்பர் வைக்கணும்.

எனக்குப் புரிந்துபோனது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். இந்த மனிதருக்கு வர மனசில்லை. மெஷின் முடிந்தால் தேன் நிற்கும், தேன் நின்றால் வர வேண்டும். அதற்காகத்தான் முடியவிடாமல் இழுக்கிறார். ஒரு நாள் கிணற்றடியில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இதை நினைத்து அழுதேன். பிறகு அழுததற்காகவும் கோபப்பட்டேன்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன என் அண்ணனிடம் அங்கேயே ஒரு மெஷின் வாங்கி வரச் சொல்லிவிட்டேன். பஸ் கூரையில் கட்டி மெஷின் வந்து இறங்கியது. எவர்சில்வர் டிரம், பொருட்காட்சியில் பார்த்த மாதிரியே. காலையில் புகை போட்டு ஈயை ஒதுக்கி, சட்டங்களை எடுத்து, சீவி, சுற்றினேன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பத்துப் பெட்டியும் முடிந்தது. வாய்க்கு இனிப்பு, கைக்கு வலி, மனசுக்கு என்னவோ ஜெயித்த மாதிரி. மாமிக்கு ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிஸ்மி சொல்லி நாக்கில் தொட்டுக்கொண்டவர், "நல்லாத்தான் இருக்கு" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த கேசட்டில் ஏ பக்கத்தில் எல்லாரும் பேசிய பிறகு, பி பக்கத்தில் நான் பேசினேன். அரை மணி நேரத்துக்கு எனக்கு விஷயம் இல்லை. இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிச்சப் பக்கத்தில் இருந்த அவர் பேச்சைச் சும்மா ஓடவிட்டு அழித்தேன். "மெஷின் கடையில வாங்கியாச்சு. நல்லா சுத்துது. பத்துப் பெட்டியும் எடுத்தாச்சு. இனிமே நீங்க எதுவும் சொல்லித்தர வேண்டியதில்ல." நறுக்கென்று சொன்னதில் எனக்கே திருப்தி. கேசட்டைச் சவுதிக்குக் கிளம்பிய பக்கத்துத் தெருப் பையன் கையில் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். இப்போது அவரால் தட்டிக்கழிக்க முடியாதே.

மூன்று மாசமும் கொஞ்சமும் கழித்துக் கேசட் வந்தது. அஸர் முடிந்து பாய் நிறைந்தது. சலாம், முட்டி, முதுகு, யாருக்கோ பெண் பார்த்த விஷயம். தேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வருவதைப் பற்றியும் இல்லை. ஏ பக்கம் முடிந்தது. கூட்டம் பழக்கத்தில் தானாகக் கலைந்தது. மாமியும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு பொம்பளைக் குரல், வெடுக்கென்று. "மெஷின் கடையில வாங்கியாச்சு. நல்லா சுத்துது." யார் இது என்று ஒரு நொடி விளங்கவில்லை. நான்தான். "இனிமே நீங்க எதுவும் சொல்லித்தர வேண்டியதில்ல." அவர் பி பக்கத்தில் ஒன்றுமே பதியவில்லை. நான் அனுப்பியது அப்படியே, கை படாமல், எனக்குத் திரும்பி வந்திருந்தது. என் குரல் இவ்வளவு கடுமையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த ரூமில் மத்தியானத்தில், மற்றவர்கள் தூங்கும்போது, அவர் இதைத்தான் கேட்டிருக்கிறார்.

அடுப்படியிலிருந்து மாமி வந்து வாசல்படியில் நின்றார்.

"உங்க மகனுக்குக் கோவம்" என்றேன். "நான் சொல் பேச்சு கேக்கலைன்னு கோவம்."

"கோவமெல்லாம் இல்ல புள்ள. அவன் இனிமே எதைப் பேசுவான்? பேச்சுக்குன்னு வெச்சிருந்த ஒரே சாமானையும் நீ கடையில வாங்கிட்டு வந்துட்ட."

மாமி வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"நான் எதுக்கு ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு அடுப்படிக்குப் போனேன்னு நெனச்ச? அந்த நேரத்துல அடுப்புல என்ன இருந்துச்சு?"

"மெஷின் பேச்சு உங்களுக்குப் புரியாதுன்னு..."

"எம் மவன் பேசுறது எனக்குப் புரியாதா?" என்றார் மாமி. "நான் இருந்தா போல்ட்டு நட்டுன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திருவான். உனக்குன்னு ஒரு அரை மணி நேரம் கெடைக்கட்டுமேன்னுதான். நீ என்னடான்னா நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு அளவு எழுதுற."

அவர் உள்ளே போனதும் நான் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் பன்னிரண்டு பக்கம். அரை இஞ்சு போல்ட், நாலு. பேரிங், ஒன்று. வலை, ஈயம் பூசாதது. அவர் நடுநடுவே சொன்னது ஒன்றையும் நான் எழுதவில்லை. கேசட்டிலும் இல்லை, ஒவ்வொன்றையும் அதற்கு அடுத்த பேச்சு அழித்திருக்கிறது, கடைசியாக மிஞ்சியதை நானே அழித்து அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன். மூன்றோ நாலோதான் திரும்பி வந்தது. "தகடு வெட்டுற எடத்துல நீ கையை வெச்சுடாத, பட்டறைக்காரரே வெட்டட்டும்." "இந்த ஸ்பேனரை எடுக்குறப்ப உன் வளையல் சத்தம் மாதிரி கேக்குது." "நேத்து மெஸ்ஸுல மீன் குழம்பு. நீ வைக்கிறதுல புளி கம்மியா இருக்கும்." இதையெல்லாம் சம்பந்தமில்லாத பேச்சு என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். என்னை நானே ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

பதில் பதிவதற்கு மாமி பெரிய உதவி செய்தார். ஏ பக்கம் முடிந்ததும் கூட்டத்தைப் பார்த்து, "இனிமே மெஷினைப் பத்திப் பேசப் போறாளாம், இருக்கறவங்க இருங்க" என்றார். யாரும் இருக்கவில்லை. மாமி கதவை வேறு சாத்திக்கொண்டு போனார்.

சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. பழக்கமே இல்லையே. தொண்டையைச் செருமினேன், அவர் மாதிரியே. பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன். ஏழாம் பெட்டி ராணி கிழடாகிவிட்டது என்றேன். புங்கை இந்த வருஷம் சரியாகப் பூக்கவில்லை என்றேன். இப்படிப் பாதி நேரம் போயிருக்கும். பிறகு சொன்னேன். "மச்சான், உங்க மெஷின் கொட்டாயிலயே நிக்குது. பாதியில நிக்குது. நான் முடிக்க மாட்டேன். கூண்டு அளவு இவ்வளவுன்னு கையைக் காட்டுனீங்கள்ல, அன்னைக்கு உங்க கை எவ்வளவுன்னு எனக்கு மறந்துபோச்சு. எவ்வளவு நெனச்சும் வரல. நீங்க வந்துடுங்க. தேன் நின்னாலும் சரி, நிக்காட்டியும் சரி. வந்துடுங்க." அழுகை பதிந்துவிடும் என்று பொத்தானை அமுக்கிவிட்டேன். கொஞ்சம் பதிந்துதான் இருக்கும்.

அந்த மூன்று மாசம் நான் எதிலும் நிலைகொள்ளவில்லை. பொம்பளை இப்படியெல்லாம் கேசட்டில் பேசலாமா என்று ஒரு நாள் வெட்கம், ரூமில் மற்றவர்கள் கேட்டிருந்தால் என்று ஒரு நாள் பயம், வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்று மற்ற நாளெல்லாம்.

கேசட் வந்தது. அன்றைக்கு ஏ பக்கம் சுருக்கமாக இருந்தது. திருப்பிப் போட்டேன். அவர் செருமுகிற சத்தம் கேட்டது. சின்னம்மா கொட்டாவியோடு கிளம்பினார், பக்கத்து வீட்டு அக்கா கிளம்பினார். மாமியும் வழக்கம் போலத் தரையில் கையூன்றி, முக்கால்வாசி எழுந்துவிட்டார்.

"அம்மா" என்றது பெட்டி. "எந்திரிச்சுப் போகாதீங்க. உக்காருங்க. இது மெஷின் விஷயம் இல்ல."

மாமி கையூன்றியபடியே நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. மாமி ஒவ்வொரு தடவையும் எழுந்து போவது அங்கேயிருந்தே மகனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

பின்னால் ரூமில் ஆட்கள் பேசுவது கேட்டது. யாரும் தூங்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினார். போன வருஷமே வர முயற்சி பண்ணினாராம். வேலை முடியும் வரைக்கும் அனுப்ப முடியாது என்று பாஸ்போர்ட்டைக் கம்பெனி கையில் வைத்துக்கொண்டது. "அதைச் சொன்னா ரெண்டு பேரும் சோறு திங்க மாட்டீங்க. எத்தனை நாள் ஆகும்னு எனக்கே தெரியல. அதான் மெஷினைச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ பாட்டுக்கு அதைச் செஞ்சுக்கிட்டு இருக்கட்டும், நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கலாம்னு." பின்னால் யாரோ சிரித்தார்கள். "சிரிக்கட்டும்" என்றார் அவர். "எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. கேக்கட்டும். நீ அழுதது எனக்குக் கேட்டுச்சு. பாஸ்போர்ட் கைக்கு வந்துடுச்சு. நோன்புக்கு முன்னாடி ஊர்ல இருப்பேன். ஒரேயடியா வர்றேன்."

அதற்கு அப்புறம் என் பெயரைச் சொன்னார். நாலரை வருஷத்தில் கேசட்டில் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தடவை போடு" என்றார் மாமி. போட்டேன். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். அன்று இரண்டு பேருக்கும் அடுப்பு ஞாபகமே வரவில்லை.

மறுநாள் காலையில் சவுதிக்குத் திரும்பிப் போகிற ஒருவர் வாசலில் வந்து நின்று, கொடுத்தனுப்ப ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கேசட் என் கையில்தான் இருந்தது. ஒன்றும் இல்லை அண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. கடையில் விற்கிற பாட்டுக் கேசட்டுகளில் அது ஒடித்தே வரும். இரண்டையும் பேனா முனையால் நெம்பி ஒடித்தேன்.